உரைகல்லும் ஐந்து நட்சத்திரங்களும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

தொட்டுப் பார்த்து வாங்கும் ஊர் நம்முடைய ஊர். திருமணத்திற்குப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகின்றவர்களைக் காந்தி ரோட்டுக் கடைகளில் நீங்கள் கண்டிருப்பீர்கள். கூட்டத்தின் நடுவில் வயதான அம்மாள் ஒருவர் அமர்ந்திருப்பார். கடைக்காரர் சேலையை விரித்ததும் இளம் பெண்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். அந்த அம்மாளோ சேலையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். கரையும் உடலும் சேரும் கோர்வையில் விரலை ஓட்டிப் பார்ப்பார். ஜரிகையை நகத்தால் நெருடுவார். அதன் பிறகுதான் விலையைக் கேட்பார்.

இப்படிப்பட்ட ஊரில், ஒரு தறிக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த நான், ஒரு ஜோடிக் கையுறையைத் தொடாமலே வாங்கினேன். அதனால் எங்கள் வீட்டில் நேர்ந்ததைச் சொல்லி, அதிலிருந்து எனக்குத் தோன்றிய கருத்துகளைப் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன். கையுறை சின்னப் பொருள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். பிறர் சொல்லை நம்புவது எப்படி என்னும் பெரிய கேள்வி அந்தச் சின்னப் பொருளுக்குள் இருக்கிறது.

அண்ணனின் கை

என் அண்ணன் எனக்கு ஐந்து வயது மூத்தவர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சில காலம் அப்பாவுடன் தறியில் உட்கார்ந்தார். ஒரு தறி ஒரு குடும்பம் முழுவதற்கும் சோறு போடாது என்று தெரிந்ததும், ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். வாலாஜாபாத் வழியாக நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணனின் அந்த வண்டிதான் என்னையும் இங்கே இழுத்து வந்தது என்றால் மிகையாகாது.

சென்ற ஆண்டு ஆவணியில் அவருடைய பிறந்த நாள் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் என்னிடம் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போன அவர் கைகளுக்கு ஒரு ஜோடி நல்ல கையுறை வாங்கித் தர ஆசைப்பட்டேன். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான்தான். ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னுடையதே. செல்போனில் ஓர் ஆன்லைன் கடையைத் திறந்தேன். ‘அசல் தோல்’ என்று போட்ட ஒரு கையுறை 749 ரூபாய். அதன் கீழே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதிய ரிவ்யூக்கள், சராசரி 4.6 நட்சத்திரம். ஆயிரம் பேர் பொய் சொல்வார்களா? வாங்கிவிட்டேன்.

பொருள் வந்த பெட்டிக்குள் ஒரு சிறிய அட்டை இருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்து, படம் எடுத்துப் போட்டால் 100 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்று அதில் அச்சிட்டிருந்தது. அன்று இரவே எழுதினேன். தரம் சிறப்பு, அசல் தோல், கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள் என்று மூன்று ஆங்கில வாக்கியங்கள். பிழையில்லாமல் எழுதிவிட்டோம் என்ற பெருமை வேறு! 100 ரூபாயும் வந்து சேர்ந்தது. அண்ணன் அதுவரை அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூட வண்டி ஓட்டவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், சாலையில் சிந்திக் கிடந்த ஜல்லியில் வண்டி சறுக்கி அவர் விழுந்தார். தலைக்கவசம் தலையைக் காத்தது. விழும்போது இயல்பாகவே வலது கையை ஊன்றியிருக்கிறார். கையுறையின் தையல் பிரிந்து, உள்ளங்கைப் பகுதி வாய் பிளந்துவிட்டது. உள்ளங்கைச் சதை உரிந்து, மணிக்கட்டில் எலும்பும் விரிந்துவிட்டது. ஏழு வாரம் வீட்டில் இருந்தார். ஒப்பந்த வேலையில், போன நாளுக்குத்தான் சம்பளம். அந்த ஏழு வாரமும் வீட்டை அப்பாவின் தறி ஒன்றே தாங்கியது.

அப்பா அந்தக் கையுறையை எடுத்து, சேலையைப் பார்ப்பது போலவே உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டினார்.

“ஒத்தத் தையல்டா இது. வாங்குறப்போ புரட்டிப் பாக்கலையா நீ?”

“ஆயிரம் பேரு நல்லாருக்குன்னு எழுதியிருந்தாங்கப்பா.”

“எழுதுனவங்க யாராச்சும் கீழ விழுந்தாங்களாமா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரையை என்னை எழுதவைத்தது அந்தக் கேள்விதான்.

கையுறையின் வேலை என்ன?

வகுப்பறையில் படித்த உராய்வுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். உடலுக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், விழுந்தவர் நிற்பதற்கு ஏறத்தாழ 2.8 நொடி ஆகும். அதற்குள் அவர் சறுக்கிச் செல்லும் தொலைவு 20 மீட்டர் அளவுக்கு வரும். ஆக, கையுறை என்பது குளிருக்கும் வெயிலுக்கும் போடும் உறை மட்டும் அன்று. அந்த மூன்று நொடிகளுக்குச் சாலைக்கும் சதைக்கும் இடையே நிற்க வேண்டிய காவலாளி அது. மற்ற நாளெல்லாம் அது சும்மா இருக்கலாம். அந்த மூன்று நொடியில் மட்டும் தவறக் கூடாது.

இதை அளந்து பார்க்க வழி இல்லையா? இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் மோட்டார் சைக்கிள் கையுறைக்கென்றே ஈ.என். 13594 என்னும் தரநிர்ணயம் உண்டு; அதன் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். ஓடும் உராய்வுப் பட்டையின் மீது உள்ளங்கைத் தோலை வைத்துத் தேய்க்கும்போது, முதல் நிலைக் கையுறை 4 நொடியும் இரண்டாம் நிலைக் கையுறை 8 நொடியும் ஓட்டை விழாமல் தாங்க வேண்டும். தையல் எவ்வளவு இழுவையைத் தாங்குகிறது, மணிக்கட்டைக் கடந்து உறை எவ்வளவு நீள்கிறது, விழும்போது கையிலிருந்து கழன்றுவிடுமா என்பனவற்றையும் சோதிக்கிறார்கள். விரல் முட்டிகளின் பாதுகாப்பும் தேறியிருந்தால் கே.பி. என்னும் குறி அடையாளத் துணியில் இருக்கும். நம் நாட்டில் இரு சக்கர வண்டித் தலைக்கவசத்துக்கு 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கையுறைக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. முத்திரை இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் நட்சத்திரங்கள் வந்து குந்திக்கொள்கின்றன.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். பட்டுக்கு நம் ஊரில் ஒரு சோதனை உண்டு. நூலில் இரண்டு இழையை உருவித் தீயில் காட்டினால், அசல் பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டராக இருந்தால் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பட்டும் புரதம், தோலும் புரதம் என்று துணைப்பாடமான வேதியியலில் படித்திருக்கிறோம். எனவே கிழிந்த கையுறையின் உள்ளங்கைத் துண்டையும் அவ்வாறே தீயில் காட்டினேன். முடி நாற்றம் இல்லை. பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. துண்டு சுருங்கி, உருகி, கறுப்பு மணியாயிற்று. அசல் தோல் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்!

இங்கிருந்து சிறிது தொலைவிலேயே இராணிப்பேட்டை இருக்கிறது. அதையும் தாண்டினால் ஆம்பூர், வாணியம்பாடி. தோல் பதனிடும் தொழிலுக்கு உலகப் பெயர் பெற்ற ஊர்கள். அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. நல்ல தோல் இன்னதென்று அறிந்த மக்கள் இத்தனை அருகில் இருக்க, முகம் தெரியாத ஆயிரம் பேரை நம்பி நான் வாங்கியது என்ன விந்தை!

நட்சத்திரங்கள் எதைச் சொல்கின்றன?

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும்தானா என்று தேடிப் படித்தேன். 2016-ஆம் ஆண்டு டி லாங்கி, பெர்ன்பாக், லிக்டன்ஸ்டைன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 120 வகைகளைச் சேர்ந்த 1,272 பொருள்களுக்கு ஆன்லைனில் வாடிக்கையாளர் கொடுத்த சராசரி மதிப்பெண்ணையும், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு தன் சோதனைக்கூடத்தில் தேய்த்தும் இழுத்தும் உடைத்தும் பார்த்துக் கொடுத்த மதிப்பெண்ணையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரிதும் ஒத்துப்போகவில்லை. ஆனால் வாங்குவோரோ, நட்சத்திரத்தைத்தான் தரத்தின் அடையாளமாகப் பெரிதும் நம்புகிறார்கள். அதே ஆண்டில் லூக்கா, செர்வாஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் என்னும் தளத்தில் உணவகங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஏறத்தாழ 16 விழுக்காட்டைச் சந்தேகத்திற்குரியவை என்று அத்தளமே ஒதுக்கிவைத்திருந்தது தெரியவந்தது.

பொய்யாக எழுதுவது ஒரு வகை. மெய்யாக எழுதியதை மறைப்பது இன்னொரு வகை. அமெரிக்காவில் பேஷன் நோவா என்னும் உடை விற்கும் நிறுவனம், நான்கு, ஐந்து நட்சத்திரம் பெற்ற கருத்துகளைத் தானாகவே வெளிவரவிட்டு, அதற்குக் குறைந்தவற்றைத் தன் தளத்தில் வெளியிடாமல் நிறுத்திவைத்தது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வாணிப ஆணையம் குற்றம் சாட்டியது. 2022-இல் அந்நிறுவனம் 42 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. இதில் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளிவந்த கருத்துகள் ஒவ்வொன்றும் உண்மையானவையாகவே இருக்கலாம். ஆனால் கசப்பை எல்லாம் எடுத்துவிட்டு இனிப்பை மட்டும் அடுக்கினால், உண்மைகளைக் கொண்டே ஒரு பொய்யைக் கட்டிவிட முடியும்.

எனக்கு நேர்ந்ததும் அதுவே. அண்ணன் விழுந்த பிறகு, என் பழைய ஐந்து நட்சத்திரத்தை நீக்கிவிட்டு, நடந்தது நடந்தபடி எழுதி, கிழிந்த கையுறையின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. இந்த மலருக்குக் கட்டுரை கொடுக்கும் நாள் வரை அது பரிசீலனையிலேயே இருக்கிறது. நான் காசுக்கு எழுதிய பொய், எழுதிய மறுநாளே வெளிவந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பொய் சொல்லாதவர்கள் எழுதியவற்றிலும் ஒரு குறை உண்டு. பெரும்பாலோர் பொருள் வந்த முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். நிறம் நன்றாக இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது, சொன்ன நாளில் வந்தது என்பதை முதல் வாரத்தில் சொல்லிவிடலாம். சட்டைக்கும் செருப்புக்கும் ஓரளவு அது போதும். கையுறைக்குப் போதுமா? அதன் தரம் விழுந்தவருக்குத்தான் தெரியும். விழாத ஆயிரம் பேரின் கருத்து, தேர்வே எழுதாத ஆயிரம் மாணவரின் தேர்ச்சி விழுக்காடு போன்றது!

நம் ஊர் மட்டும் புனிதமா?

ஆன்லைன் கடையை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. நம் ஊருக்குப் பேருந்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரரை, ‘அசல் பட்டு இங்கேதான் கிடைக்கும்’ என்று சொல்லி அழைத்துப்போகும் தரகர்கள் இல்லையா? விற்ற சேலைக்கு அவர்களுக்குக் கமிஷன் போகிறது என்பது ஊரறிந்த செய்தி. அவர்கள் சொல்வதும் ஒரு கருத்துரைதான். அதுவும் காசு வாங்கிய கருத்துரைதான். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்றும், போலி ஜரிகையை அசல் என்றும் விற்பவர்களால், நாள் முழுவதும் குழித்தறியில் உட்கார்ந்து கோர்வை போடும் நெசவாளியின் கூலிதான் கெடுகிறது. பொய் வாங்குபவரை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. நேர்மையாக உற்பத்தி செய்பவன் வயிற்றிலும் அடிக்கிறது. இரட்டைத் தையல் போட்டு நல்ல தோலில் கையுறை தைக்கும் ஒரு சிறு தொழிலாளிக்கு நாற்பது உண்மையான கருத்துகள் கிடைக்கலாம். காசு கொடுத்து வாங்கிய நாலாயிரத்தின் முன் அவை எங்கே எடுபடும்?

ஆனால் நம் ஊர் இந்தப் பொய்யைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. 2004-இல் மத்தியப் பட்டு வாரியத்தின் சார்பில் சில்க் மார்க் முத்திரை வந்தது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. இவற்றையும் ஏமாற்றுகிறவர்கள் இருக்கலாம். என்றாலும் இவற்றின் அடிப்படை ஒன்றே: விற்பவன் அல்லாத ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும், அவர் பெயரும் பொறுப்பும் முத்திரையில் இருக்க வேண்டும்.

இந்த எண்ணம் நமக்குப் புதியதன்று. நம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து, அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அவை சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவனுடைய உறவினரையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவ்வாரியங்களுள் ஒன்று பொன் வாரியம். பொன் விற்பவன் சொல்லையே பொன்னின் மாற்றாக அந்த ஊரார் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சொல்பவன் யார், அவனுக்கு அதில் ஆதாயம் உண்டா என்று கேட்கத் தெரிந்திருந்தது நம் முன்னோருக்கு. கையில் செல்போன் வைத்திருக்கும் நாம் அதைக் கேட்க மறந்துவிட்டோம்! திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. கட்டளைக்கல் என்னும் சொல்லும் அங்கே வருகிறது. முதலில் தெரிதல், பிறகுதான் தெளிதல். நாமோ தெளிந்துவிட்டுப் பிறகு தெரிந்துகொள்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. 2019-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வகுத்த மின்வணிக விதிகள், விற்பவர் தம்மையே நுகர்வோராகக் காட்டிக்கொண்டு கருத்து எழுதக் கூடாது என்று சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், ஆன்லைன் கருத்துரைகளைத் திரட்டுவது, சரிபார்ப்பது, வெளியிடுவது ஆகியவற்றுக்கென்றே ஐ.எஸ். 19000 என்னும் தரநிர்ணயத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அப்போது அதைக் கட்டாயமாக்கவில்லை. விரும்புவோர் பின்பற்றலாம் என்ற அளவிலேயே வந்தது. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல், பொய்க் கருத்துகளை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரியவை. பிரிட்டனிலும் 2025 ஏப்ரல் முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

விரும்பினால் நேர்மையாக இரு என்று கடைக்காரரிடம் சொல்வது, விரும்பினால் தேர்வு எழுது என்று எங்களிடம் சொல்வதைப் போன்றது. என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். உயிரையும் உடலையும் காக்கும் பொருள்களுக்கேனும் இரண்டு கட்டாயங்கள் வேண்டும். ஒன்று, கையுறைக்கும் தலைக்கவசத்தைப் போலவே சோதனையும் முத்திரையும் வேண்டும். இரண்டு, கருத்துரைகளை வெளியிடும் கடை, வந்த கருத்துகள் எத்தனை, நிறுத்திவைத்தவை எத்தனை, பரிசு கொடுத்துப் பெற்றவை எவை என்று வெளிப்படையாகக் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “கருத்துரைகள் இல்லாவிட்டால் ஏழைக்கு வேறு வழிகாட்டி யார்? சோதனைக்கூடம் உன் தெருவில் இருக்கிறதா? கிராமத்தில் இருப்பவனுக்கு முகம் தெரியாத ஒருவன் எழுதும் நாலு வரியும் உதவிதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு பொருளை வாங்கிவிட்டு, சரியில்லை என்று தூக்கியெறிந்து இன்னொன்று வாங்க முடியாது. அதனால்தான் பிறர் சொல் எங்களுக்குப் பணக்காரரைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. தேவை அதிகம் என்பதாலேயே அந்தச் சொல் தூய்மையாகவும் இருக்க வேண்டும். குடிநீர் அவசியம் என்பதற்காகக் கலங்கல் நீரைக் குடிக்கச் சொல்வார் உண்டோ?

நாம் செய்யக் கூடியது

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நாம் செய்யக் கூடியவை சில உண்டு.

கருத்துரையைப் படிக்கும்போது, எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதைச் செய்துபார்த்து எழுதினார் என்று மூன்று கேள்விகளைக் கேட்போம். முதல் வாரத்து ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து எழுதிய இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துகளைத் தேடிப் படிப்போம். பாராட்டும் குறையும் கலந்து எழுதியவர், பெரும்பாலும் பொருளைக் கையாண்டவராக இருப்பார். கையுறை வாங்குவதானால் கூடுமானவரை கடைக்கே போவோம். புரட்டி உட்புறத் தையலைப் பார்ப்போம். உள்ளங்கையில் இரண்டாவது அடுக்கு இருக்கிறதா, மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிய பிறகு இழுத்தால் கழல்கிறதா என்று பார்ப்போம். ஈ.என். 13594 என்ற குறி உள்ளே தைத்த துணியில் இருக்கிறதா என்று பார்ப்போம். ஏமாந்தால் தலைவிதி என்று விட்டுவிடாமல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைப்போம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு முறையிடக் கட்டணம் இல்லை என்பதையும் நம் பெற்றோருக்குச் சொல்லிவைப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் சொல்லை விற்காமல் இருப்போம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு என்பதை அறிவேன். என்னுடைய மூன்று வரிகளைப் படித்துவிட்டு அந்தக் கையுறையை வாங்கியவர்கள் எத்தனை பேரோ! அவர்களில் யாருடைய அண்ணன் எந்தச் சாலையில் விழுந்தாரோ! முதல் தலைமுறையாகக் கல்வி பெற்ற ஒருவனுக்கு ஊரும் வீடும் ஒரு நம்பிக்கையைக் கொடுத்திருக்கின்றன. ‘படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும்’ என்ற நம்பிக்கை. அதை நான் 100 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த 100 ரூபாயில் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். நம் கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையில் அதை வைக்க அனுமதி கேட்க எண்ணியுள்ளேன். எந்தப் பொருளானாலும், ஆறு மாதமேனும் பயன்படுத்திய பிறகு, தம் பெயரையும் வகுப்பையும் போட்டு யாரும் அதில் எழுதலாம். கணக்கிடும் கருவி, சைக்கிள், தலைக்கவசம், பேனா எதுவானாலும் சரி. நட்சத்திரம் வேண்டாம். வாங்கிய விலை, பயன்படுத்திய காலம், நேர்ந்தது என்ன என்று எழுதினால் போதும். எழுதியவரைக் காண்டீனில் பார்த்து, “உண்மைதானா?” என்று கேட்கலாம் அல்லவா? அந்த ஒரு வசதி ஆன்லைன் கடையில் இல்லை.

முதல் பக்கத்தில் கையுறையைப் பற்றி நான் எழுதிவிட்டேன். அண்ணன் இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறார். அப்பா ஒரு கடையில் புரட்டிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை கேள்வி கேட்டு வாங்கித் தந்த கையுறையை மாட்டிக்கொண்டு போகிறார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். அத்துடன் கையால் தொட்டும் பார்த்துவிடுவோம், நண்பர்களே! இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப உங்களை அன்புடன் அழைக்கிறேன்.